இடுகாட்டில் கூடிய சபை

முன்னொரு காலத்தில், இன்று பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு நாட்டை மகுடவர்மர் என்ற அரசர் ஆண்டுவந்தார். ஒருநாள் மேல்மாடத்தில் உலாவும்போது மேற்குக் கோட்டைவாசலுக்கு வெளியே இருந்த செம்மண்மேடு அவர் கண்ணில் பட்டது. கோணலும் மாணலுமாகத் தெருக்கள், நடுவிலே செக்குகள், ஓரத்தில் ஒரு பழைய இடுகாடு. அரசருக்கு அது பிடிக்கவில்லை.

"நூல் பிடித்தாற்போல் நேரான தெருக்களோடு அங்கே புதுப் புறநகர் எழ வேண்டும். ஆனால் குடிகளைக் கேட்காமல் செய்யாதீர்" என்று பிரதானி நரசிங்கராயரிடம் சொன்னார்.

பிரதானி வரைபடத்தைத் துணியில் தீட்டி, செம்மண்மேட்டுக் குடிகளைத் தம் மாளிகை முற்றத்துக்கு வரவழைத்தார். சுற்றிலும் ஈட்டிக்காரர்களை நிறுத்தினார். "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டார். ஒருவரும் மூச்சுவிடவில்லை. மறுநாள் அரசவையில், "எல்லோருக்கும் சம்மதம், அரசே" என்றார்.

"நன்று. வாய் திறந்து மறுக்காதவர் சம்மதித்தவரே. இது நம் ஆணை" என்றார் அரசர்.

அவையின் விகடகவி செவ்வந்தியப்பன் மெல்ல எழுந்தான். "அரசே, அந்த வரைபடத்தில் ராஜவீதி இடுகாட்டின் மேலேயே போகிறது. அங்கே இருப்பவர்களைக் கேட்டாயிற்றா?"

அவை சிரித்தது. பிரதானி சிரிக்கவில்லை. நெடுநாளாக அவனை ஒழிக்க வழி தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

"அருமையான யோசனை! இறந்தோர் சம்மதமின்றி அங்கே கல் நாட்டினால் தோஷம்தான். செவ்வந்தியப்பனே போய்ச் சம்மதம் வாங்கி வரட்டும். வாங்க முடியாவிட்டால், தோஷம் கழிய முதல் கல்லின் கீழே அவனையே வைப்போம்."

அரசருக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்" என்றார். விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆனால் அரசர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

அன்று மாலையே செவ்வந்தியப்பன் செம்மண்மேட்டுக்குப் போனான். செக்கு ஆட்டிப் பிழைக்கும் குழந்தையம்மாள் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, பிரதானி கேட்டபோது ஒருவர்கூட வாய் திறக்கவில்லையே?"

"எப்பிடிச் சாமி தொறக்கிறது? எதுத்தாப்புல ஈட்டி நிக்குது. பின்னால எம் பிள்ளைங்க நிக்குது. எம் புருசன் அந்த மண்ணுலதான் கெடக்கான். அவன் நெஞ்சு மேல தேர் ஓடும்னு படத்துல காட்டுறாரு. நான் என்னத்தப் பேச?"

"நாளைக் காலை அந்த மண்ணில் கிடப்பவர்களையே கேட்கப்போகிறேன். பதில் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் என் தைரியம்."

குழந்தையம்மாள் கயிற்றைக் கையில் பிடித்தபடி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "சொல்ல மாட்டாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

செவ்வந்தியப்பன் சிரிக்க முயன்றான். சிரிப்பு வரவில்லை.

மார்கழிப் பனி மறுநாள் விடிந்தும் விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் மரமா மனிதனா என்று தெரியாத வெள்ளை மூட்டம். செவ்வந்தியப்பன் இடுகாட்டில் வரிசையாக ஓலைத் தடுக்குகளை விரித்துவைத்திருந்தான், இறந்தோர் வந்து உட்கார்வதற்கு. வெறும் நாடகத்துக்காகத்தான். அரசரின் பரிவாரம் வரும் ஓசை கேட்டபோது தடுக்குகளைச் சரிபார்க்கக் குனிந்தான்.

எல்லாத் தடுக்குகளிலும் பனி இறங்கி ஓரமெல்லாம் ஈரமாக மின்னியது. ஆனால் ஒவ்வொன்றின் நடுவிலும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு, ஓலை காய்ந்திருந்தது.

அவன் கையை இழுத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

அரசரும் பிரதானியும் வந்து நின்றார்கள். தூரத்தில் செம்மண்மேட்டு மக்கள் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். செவ்வந்தியப்பன் தடுக்குகளைப் பார்த்துக் கைகூப்பினான். இந்தக் கும்பிடு நடிப்பல்ல.

"இம்மண்ணில் குடியிருக்கும் பெரியோர்களே! உங்கள் மேல் ராஜவீதி போடச் சம்மதமா? மறுப்பவர் சொல்லலாம்."

ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அந்த அமைதி வெறுமையான அமைதியாக இல்லை. நிறையப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல இருந்தது.

"ஒருவரும் மறுக்கவில்லை. அரசர் ஆணைப்படி அனைவருக்கும் சம்மதம். என் தலை தப்பியது" என்றான் செவ்வந்தியப்பன்.

பிரதானி உதட்டைக் கடித்தார். ஆனாலும் வீதி தம் விருப்பப்படி அமையப்போகிறதே என்று தேறிக்கொண்டார்.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி" என்று செவ்வந்தியப்பன் மறுபடி தடுக்குகள் பக்கம் திரும்பினான். "பெரியோர்களே! பிரதானி நரசிங்கராயர் இன்றே உங்களோடு குடியேறுவதில் உங்களுக்குச் சம்மதமா?"

பனி அசையாமல் நின்றது. யாரும் மறுக்கவில்லை.

"அவர்களுக்குச் சம்மதம். பிரதானியாரே, உமக்கு?"

பிரதானி வாயைத் திறந்தார். அவர் பார்வை முன்வரிசையில் குத்தி நின்றது. அங்கே எதைக் கண்டாரோ, குரல் எழும்பவில்லை. முகம் வெளுத்தது.

"பிரதானியாரும் மறுக்கவில்லை, அரசே! மண்வெட்டிகளை வரச்சொல்லலாமா?"

காவலர் இருவர் மண்வெட்டியோடு நகர்ந்ததும் பிரதானி அரசர் காலில் விழுந்தார். "வேண்டாம் அரசே! பயத்தில் நா எழவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அர்த்தமில்லை!"

"முந்தாநாள் ஈட்டிகளுக்கு நடுவே நின்றவர்களுக்கும் நா எழவில்லை, அரசே" என்றான் செவ்வந்தியப்பன்.

அரசர் தாம் போட்ட ஆணையை எண்ணித் தலைகுனிந்தார். பிறகு ஈட்டிக்காரர்களைக் கோட்டைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, குடிகளைப் பக்கத்தில் அழைத்தார். "அந்த ஆணையை நாம் திரும்பப் பெற்றோம். இப்போது சொல்லுங்கள்."

முதலில் குழந்தையம்மாள் முன்னால் வந்தாள். "வாயால சொல்ல வராது சாமி, ஒரு குச்சி குடுங்க." தரையிலேயே கோடு கிழித்தாள். "வீதி இப்பிடி வளைஞ்சு போவட்டும். செக்கடி இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். இவங்களத் தொட வேணாம்." அடுத்தவர் குச்சியை வாங்கி வாய்க்காலுக்கு வழி கிழித்தார். மூன்றாமவர் அதை அழித்து, "அங்க வச்சா எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரும்" என்று சண்டைக்கு நின்றார். வெயில் ஏறும்வரை கூச்சல் ஓயவில்லை. பிரதானியின் துணி வரைபடத்தை விரித்து அதன் மேல் ஒருவர் உட்கார்ந்துகொண்டார்.

கூச்சலுக்கு நடுவே நின்ற அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "செத்தவர்களைக் கேட்டு உயிரோடு இருப்பவர்களைப் பேசவைத்துவிட்டாயே, செவ்வந்தியப்பா!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

"ஒரு கம்பளி, அரசே. உடம்பு நடுங்குகிறது."

"இந்த வெயிலிலா? பனிக்கா நடுங்குகிறாய்?"

"பனிக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரசே" என்றான் செவ்வந்தியப்பன், தடுக்குகள் இருந்த பக்கம் திரும்பாமலே. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார். தம் தோளில் கிடந்த கம்பளியையே எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டார்.