மிளகியின் மச்சம்

குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்துநான்கு. சீடர் சிதம்பரதாணு நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். எவன் வேலி ஒரு சாண் தள்ளிப் போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அப்படிப்பட்ட மனிதர் அன்று மடத்துக்குள் வந்ததும் வராததுமாக ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்.

"அம்மா, ஒரு மச்சம் வலப்பக்கம் இருந்ததா, இடப்பக்கம் இருந்ததான்னு மறந்து போச்சு. ஞாபகத்துக்கு வர ஏதாவது வழி இருக்கா?"

குரு மங்கையர்க்கரசி ஏட்டை மூடி வைத்தார்.

"யாரு மச்சம் அண்ணாச்சி?"

"மிளகிக்கு. என் பூனை. மூக்குல மிளகு கணக்கா ஒரு கருப்பு, அதனாலதான் அந்தப் பேரே. செத்து நாப்பது நாள்தான் ஆவுது."

"படம் இருக்குமே?"

"எடுக்கப் போனாலே முதுகைக் காட்டும். போன் நிறைய வாலுதான் இருக்கு."

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிதம்பரதாணுவும் சிரிக்கத்தான் பார்த்தார். பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரோடு இருந்த உயிர் அது ஒன்றுதான். சொந்தக்காரர்கள் 'பூனைதானே' என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

"பதினோரு வருஷம் மடியில கிடந்துச்சும்மா. இன்னைக்கு மச்சம் போச்சு, நாளைக்குக் குரல் போவும். எல்லாம் போயிட்டா, அப்படி ஒண்ணு என்கூட இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

குரு பூனை வளர்த்ததே இல்லை. அதனால் துருவித் துருவிக் கேட்டார்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வருமா?"

"காது திரும்பும். ஆள் வராது."

"எந்தக் காது?"

"தெரியலையே."

"பால் குடிக்கையில கண்ணை மூடிக்கிடுமா?"

"மூடும். இல்ல, மூடாதோ?"

அவருக்கு வேர்த்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். மிளகியைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் எழுதி வைத்திருந்தார். உயரம், நிறம், வாலின் நீளம்கூட அங்குலக் கணக்கில் இருந்தது. மச்சத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி.

குரு ஒரு வரி விடாமல் படித்தார். திருப்பிக் கொடுக்கும்போது வெளியே இடி இடித்தது.

"அண்ணாச்சி, பின்முற்றத்துல கடலை காயுது. நனையுறதுக்குள்ள எடுத்துட்டு வாங்க."

ஓடினார். இரண்டு கையாலும் முறத்தைத் தூக்கிக்கொண்டு, பின்கதவைத் தோளால் தள்ளி உள்ளே வந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவரோ தானாக மூடிக்கொள்ள வந்த கதவைக் குதிகாலால் தடுத்து, வாசற்படியைக் குனிந்து பார்த்தபடி அப்படியே நின்றார். சாரல் கூடத்துக்குள் அடித்தது. கடலை நனைந்தது, சட்டை நனைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காலை எடுத்தார்.

குருவுக்கு ஒரே ஆச்சரியம்.

"யாரு வரணும்னு நின்னீங்க?"

"நானா? எங்க நின்னேன்?"

"கதவைப் பிடிச்சுக்கிட்டு. இப்பதான்."

சிதம்பரதாணு தன் குதிகாலைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அது உடனே உள்ள வராதும்மா," என்றார் மெதுவாக. "படியில நின்னு யோசிக்கும். வெளிய ஒரு தடவை பார்க்கும், உள்ள ஒரு தடவை பார்க்கும். அதுக்கா மனசு வர்ற வரைக்கும் நாமதான் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். மழையா இருந்தாலும் சரி."

"இது உங்க நோட்டுல இல்லையே."

"இல்ல."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நாற்பது நாளில் முதல் தடவையாக மனம் கொஞ்சம் லேசானது. அது நிலைக்கும் முன்பே பழைய பயம் வந்து ஒட்டிக்கொண்டது.

"அம்மா, இதையும் ஒருநாள் மறந்துட்டேன்னா?"

"இதை எப்ப நீங்க ஞாபகத்துல வச்சிருந்தீங்க அண்ணாச்சி, மறக்கிறதுக்கு?"