எத்திராஜின் கையெழுத்து

“சாமி, எத்திராஜ் இருக்காரா?”

வாசலில் நின்றபடியே கேட்டார் சேவுகன்.

உள்ளே தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

“இல்லையே,” என்றார்.

“எப்ப வருவார்?”

“சொல்லிட்டுப் போகலை.”

சேவுகன் சிரித்துவிட்டார். அவர் பார்வை அரிவாள்மனையில் காயைத் தள்ளிக்கொண்டிருந்த கையில் இருந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. மோதிரவிரல் நடுவில் ஒடிந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. காலமெல்லாம் விக்கெட்டுக்குப் பின்னால் நின்று பந்து பிடித்தவர்களுக்குத்தான் விரல்கள் அப்படி இருக்கும்.

“சாமி, அந்த விரல்…”

“விரல் அவரோடதுதான்,” என்றார் சாமி. “ஆள் போயிட்டார்.”

•

சேவுகனுக்குத் திண்டுக்கல்லில் பெயின்ட் கடை. வயது ஐம்பத்தைந்து. சாமி அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

சேவுகன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், வைகை லெவன் என்று ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. ஒரு மிட்டாய் கம்பெனி அந்த ஆட்டக்காரர்களின் படங்களை அட்டையில் அச்சடித்து பபிள்கம் பாக்கெட்டுக்குள் வைத்து விற்றது. சேவுகன் தாடை வலிக்க வலிக்க மென்று பதினொரு அட்டைகளையும் சேர்த்தார்.

மற்ற பையன்கள் வளர்ந்து வேறு வேலை பார்க்கப் போனார்கள். சேவுகனும் வளர்ந்தார். ஆனால் அட்டைகளை விடவில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரரையும் தேடிப்பிடித்து அவரவர் அட்டையிலேயே கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்.

ஒன்றைத் தவிர எல்லாம் கிடைத்துவிட்டன. விக்கெட் கீப்பர் எத்திராஜ் மட்டும் போன இடம் தெரியவில்லை.

போன வாரம் கடைக்கு எனாமல் வாங்க வந்த ஒருவர்தான் சொன்னார். சிறுமலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். அங்கே ஒரு சாமி. பழைய ஆட்டக்காரராம்.

ஞாயிற்றுக்கிழமை டவுன் கிரிக்கெட் கிளப்பின் பொன்விழா. சேவுகனின் அட்டைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாக ஏற்பாடு. ஊரே பார்க்கப்போகிறது. அதில் ஓர் அட்டை மட்டும் கையெழுத்தில்லாமல் மொட்டையாக இருந்தால்?



•

“ஒரே ஒரு கையெழுத்து, சாமி.”

சேவுகன் அட்டையையும் பேனாவையும் நீட்டினார். அட்டையில் பெரிய மீசை வைத்த இளைஞன் ஒருவன் கையுறைகளோடு குனிந்து நின்றான்.

சாமி கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். “பிடித்த உணவு: பரோட்டா” என்று அச்சடித்திருந்தது.

“இது மட்டும் இன்னும் மாறலை,” என்றார்.

“அப்ப போடுங்க சாமி.”

“அடுத்தவர் கையெழுத்தை நான் எப்படிங்க போடுறது? தப்பில்லையா?”

“அவர் வந்தா?”

“வந்தா அவரே போட்டுட்டுப் போகட்டும்.” சாமி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “வேணும்னா இருந்து பாருங்க. சாப்பாடு இருக்கு.”

சேவுகன் மனைவி உமையாளுக்குப் போன் செய்தார்.

“ரெண்டு நாள் ஆசிரமத்துல தங்கப்போறேன்.”



“கிரிக்கெட்டா?” என்றாள் உமையாள்.

“ஆமா.”

“நினைச்சேன். இருந்துட்டு வாங்க. வரும்போது மலைப்பழம் ஒரு சீப்பு.”

•

சேவுகன் கூட்டினார். தண்ணீர் இறைத்தார். மாட்டுக்குப் புல் போட்டார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் சாமியிடம் வந்து நின்றார்.

“வந்தாரா சாமி?”

“இன்னும் இல்லை.”

சமையல் பொறுப்பு மரகதத்துக்கு. நாற்பது வயதுக்காரி, நாள் முழுவதும் ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவளும் சேர்ந்துகொண்டாள்.

“யாரு சாமி வரணும்? உலையில அரிசி கூடப் போடணுமா?”

“போடும்மா. வந்தா நல்லாச் சாப்பிடுவார்.”

சனிக்கிழமை மத்தியானம் சாமியே அட்டைகள் செருகியிருந்த ஆல்பத்தைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பழைய தோழர்களைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

“இதை எங்க வாங்கினீங்க?”

“மதுரை ஸ்டேஷன்ல. ரயில் கிளம்பிடுச்சு. ஜன்னல் வழியா நீட்டிக்கிட்டே ஓடினேன்.”

“இது?”

“ஆஸ்பத்திரியில. கண் ஆபரேஷனுக்கு வந்திருந்தார். கட்டோட போட்டார். அதான் கோணலா இருக்கு.”

“என்ன பேசினாங்க உங்ககிட்ட?”

சேவுகன் யோசித்தார். நிறைய நேரம் யோசித்தார்.

“ஒருத்தர் பேசினார் சாமி. ‘பேனா மூடி எங்கே?’ன்னு கேட்டார்.”

சாமி விழுந்து விழுந்து சிரித்தார். சேவுகனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகு ஏனோ ஆல்பத்தை வாங்கி மூடி வைத்துக்கொண்டார்.

•

மாலையில் மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் ஓர் எண்ணெய் டின்னைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு தென்னை மட்டை வந்தது. ஒரு ரப்பர் பந்து வந்தது.

வாரம் ஒருமுறை ஆசிரமத்தில் ஆட்டம் உண்டு. மரகதம் பந்து போடுவாள். தோட்டக்காரர் பிச்சுமணிதான் அம்பயர். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்பவர்களும் வந்து ஆடுவார்கள். சாமி எப்போதும் டின்னுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

சேவுகன் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பந்து உருண்டு அவர் காலடிக்கு வந்தது.

“அண்ணே, எடுத்துப் போடுங்க!” என்றாள் மரகதம்.

சேவுகன் எடுத்துப் போட்டார். அது மரகதத்தை விட்டுவிட்டு மாட்டுத் தொட்டியில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

“வாங்க, ஆடுங்க,” என்றார் சாமி.

“எனக்கு ஆடத் தெரியாது சாமி. பார்க்கத்தான் தெரியும்.”

“ஒருநாளும் ஆடினதில்லையா?”

“பள்ளிக்கூடத்துல ஒருதடவை கேட்டேன். கேப்டன் என் கையில தண்ணிக் குடத்தைக் கொடுத்துட்டான்.”

அதை வருத்தமில்லாமல்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்டதே இல்லை.

 சாமி திரும்பிப் போய் டின்னுக்குப் பின்னால் குந்தினார்.

மரகதம்தான் விடவில்லை. “ஆட ஒரு ஆள் குறையுது அண்ணே. நீங்க சும்மா வந்து நின்னாக்கூடப் போதும்.”

சேவுகன் ஆல்பத்தை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். கடைசியில் பெஞ்சின் மேலேயே வைத்துத் துண்டைப் போட்டு மூடினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

தென்னை மட்டை அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

•

முதல் பந்து எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பந்து தொடையில் பட்டது. “வலிக்குதா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டே மரகதம் அடுத்ததையும் அதே வேகத்தில் போட்டாள்.

அது மட்டையில் பட்டது.

நல்ல நடுவில் பட்டது. ‘டப்’ என்ற அந்தச் சத்தம் கையில் ஏறி, தோளில் ஏறி, பின்மண்டை வரைக்கும் போனது. பந்து கொட்டகைக் கூரையைத் தாண்டிப் பறந்தது.

சேவுகன் அப்படியே நின்றார்.

“ஓடுங்க!” என்று கத்தினார்கள்.

ஓடினார். செருப்பு ஒருபக்கம் போனது. வேட்டி அவிழப் பார்த்தது. ஒரு கையில் மட்டை, ஒரு கையில் வேட்டி. மூச்சு வாங்கியது. சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐம்பத்தைந்து வயதில் இது என்ன கூத்து என்று ஒருகணம் தோன்றியது. மறுகணம் அதுவும் தோன்றவில்லை.

“மரகதம், அடுத்ததைப் போடும்மா!” என்றார் சேவுகன்.

மரகதம் பந்தைச் சேலையில் துடைத்தாள். இந்தமுறை மெதுவாகப் போட்டாள். பந்து தரையில் குத்தி உள்ளே திரும்பியது. சேவுகன் வீசினார். பந்து மட்டை விளிம்பை உரசிக்கொண்டு பின்னால் போனது.

“ஹவ்ஸாட்!”

அது சாமியின் குரலே இல்லை. கோழிகள் பறந்தன. மாடு துள்ளி எழுந்தது. டின்னுக்குப் பின்னால் ஒரு மனிதர் மண்ணில் முழுநீளத்துக்குக் குப்புற விழுந்து கிடந்தார். நீட்டிய இடது கையின் கோணல் விரல்களில் பந்து. முகமெல்லாம் புழுதி. கண்கள் ஜொலித்தன.

“அவுட்!” என்று எழுந்து குதித்தார் அவர்.

“இல்லவே இல்லை!” என்று கத்தினார் சேவுகன். “தரையில பட்டுச்சு!”

“கையில விழுந்துச்சுய்யா!”

“பட்டுட்டுத்தான்யா விழுந்துச்சு! நான் பார்த்தேன்!”

“நான் பிடிக்காத கேட்சா? யாரைப் பார்த்துச் சொல்றே?”

“யாரா இருந்தா எனக்கென்ன? அவுட் இல்லைன்னா இல்லைதான்!”

இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு முட்ட நின்றார்கள். மரகதம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“பிச்சுமணி, நீ சொல்லு!” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பிச்சுமணி தலையைச் சொறிந்தார். “நான் மாட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன் சாமி.”

•

சமையலறை வாசலில் ஒரு சின்னக் கரும்பலகை தொங்கியது. அன்றன்றைய சாப்பாட்டை மரகதம் அதில் எழுதிப்போடுவாள். ஆட்ட நாளில் அதன் கீழ்ப்பாதியில் ஸ்கோர்.

கோபம் ஆறாமல் அந்த மனிதர் அங்கே போனார். சாக்பீஸை எடுத்து விறுவிறுவென்று எழுதினார்.

‘சேவுகன். பந்து: மரகதம். கேட்ச்: எத்திராஜ்.’

கடைசிப் பெயரை எழுதும்போது கை தானாக வேகம் பிடித்தது. எழுத்துகள் ஒன்றையொன்று துரத்தின. கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு அடியில் ஒரு புள்ளி குத்தி நிறுத்தினார்.

சேவுகன் பலகைக்கு அருகில் போய்ப் பார்த்தார்.

வாழ்நாளெல்லாம் கையெழுத்துப் பார்த்த கண் அது. ஒருவர் பெயரை எழுதுவதற்கும் கையெழுத்துப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும்.

எழுதியவரும் பலகையைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். முகத்துப் புழுதியைத் துடைத்தார். குரல் பழையபடி ஆனது.

“வந்துட்டார்போல,” என்றார் சாமி.

பலகையை ஆணியிலிருந்து கழற்றினார்.

“கொண்டுபோங்க. நாளைக்குக் கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம். உங்க பேரும் அவர் பேரும் ஒண்ணா இருக்கு. இப்படி ஒண்ணு வேற யார்கிட்டயும் இருக்காது.”

சேவுகன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். 

“ஆனா ஒண்ணு,” என்றார் சாமி. “நீங்க அவுட்டுன்னாத்தான் அது கணக்கு. அவுட் இல்லைன்னா அழிச்சிடணும். அம்பயர் பார்க்கலை. நீங்கதான் சொல்லணும்.”

அவர் ஈரத்துணியை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

சேவுகன் பலகையைப் பார்த்தார். கோட்டையும் புள்ளியையும் பார்த்தார். நாளைக்கு வரப்போகும் கூட்டத்தை நினைத்தார்.

அங்கே மரகதம் பந்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சேவுகன் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தார்.

“தரையில பட்டுச்சு சாமி,” என்றார்.

மட்டையைத் தூக்கிக்கொண்டு டின்னை நோக்கி ஓடினார்.