நாற்பது கூட்டுக்கு நாற்பது சில்வண்டு

ஏரிக்கரை ஈச்சமரத்தில் நாற்பது தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. அவற்றுக்கெல்லாம் தலைவன் மஞ்சள்கொண்டை. எந்த ஜோடிக்கு எந்தக் கூடு, ஒரு கூடு அறுந்து விழுந்தால் மாற்றுக் கூடு எங்கே என்று தீர்மானிப்பது அவன் வேலை. தினமும் கூடு கூடாக எட்டிப் பார்ப்பதும் அவன் வேலைதான். அதில்தான் அவனுக்குக் கழுத்து வலித்தது. பாவம்!

கீழே புதரில் ஓர் ஓணான் இருந்தது. அதே புதரில் கத்தும் சில்வண்டுகளின் இரைச்சல் அதற்குத் தாங்கவில்லை; எப்படியாவது அவற்றை வேறிடம் அனுப்பப் பார்த்தது. ஒருநாள் அது மரமேறி வந்தது.

"எதுக்குத் தலைவரே இந்த அலைச்சல்? கூட்டுக்கு ஒரு சில்வண்டை வையுங்க. நல்லா இருந்தா கத்திக்கிட்டே இருக்கும். சத்தம் நின்னா ஆபத்து!"

மஞ்சள்கொண்டைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே நாற்பது கூட்டிலும் சில்வண்டுகள் குடியேறின. தலைவன் உச்சிக் கிளையில் கண்ணை மூடி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டான். அதற்குப் பெயர் கண்காணிப்பாம்!

மூன்றாம் நாள் செவ்வந்தி என்ற குருவி பதறிக்கொண்டு வந்தாள்.

"தலைவரே, என் முட்டை நாலையும் காணோம்! கூட்டுக்குள்ள பாம்பு வாடை அடிக்குது. மத்த கூட்டையாச்சும் எட்டிப் பாருங்க!"

"உன் கூட்டுச் சில்வண்டு கத்துதா?"

"கத்துது. ஆனா…"

"அப்புறம் என்னம்மா? எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ தப்பா எண்ணியிருப்பே. போ, போ!"

முட்டையைப் பறிகொடுத்தவளிடம் இப்படிப் பேச எவ்வளவு மண்டைக்கனம் வேண்டும்!

மறுநாள் காலையில் அவன் மனைவியே அலறினாள். மஞ்சள்கொண்டை பறந்து போய்ப் பார்த்தான். அவன் கூட்டில் ஒரு முட்டைகூட மிச்சமில்லை. மூலையில் சில்வண்டு மட்டும் உற்சாகமாகக் கத்திக்கொண்டிருந்தது.

"அடப்பாவி! பாம்பு வந்தப்ப ஏன் கத்தலை நிறுத்தலை?"

"நல்லா இருந்தா கத்தச் சொன்னாங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்? பாம்பு என்னைத் தொடவே இல்லை. முட்டையைப் பாத்துக்கன்னு யாரும் சொல்லலையே!"

அப்போதுதான் அந்த மகாராஜா கூடு கூடாக எட்டிப் பார்க்கப் புறப்பட்டார். பதினோரு கூடுகள் காலி. பன்னிரண்டாவதில் பாம்பு வயிறு புடைக்கச் சுருண்டு தூங்கியது. அதன் முதுகில் உட்கார்ந்து அந்தக் கூட்டுச் சில்வண்டு ஆனந்தமாகக் கத்திக்கொண்டிருந்தது.

காவலாளி நலமாக இருப்பதையே வீட்டின் நலம் என்று நம்பி, தன் கண்ணால் பார்ப்பதை விட்டவன் தன் குடியைத் தானே கெடுத்துக்கொள்கிறான்.