கோணி கட்டிய விளக்கு

ஒரு மலையூரில் இருட்டு குடியிருந்தது. ஊரே அதைத் திட்டும். அதற்கும் பழகிவிட்டது.

ஒரு வருஷம் வெளியூர்க்காரர்கள் தொலைநோக்கியோடு வந்து இறங்கினார்கள். "நட்சத்திரம் பார்க்க இவ்வளவு சுத்தமான இருட்டு எங்கேயும் கிடைக்காது" என்றார்கள். இருட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பாராட்டை அது கேட்டதே இல்லை.

விடுதி முளைத்தது. பாதையில் இருந்த ஒரே தெருவிளக்கு இடைஞ்சல் என்றார்கள். அணைக்க லைன்மேன் வரணும். அவர் மலையேற மாசமாகும். ஊராட்சித் தலைவர் சடையப்பன் ஏணி போட்டு ஏறினார். எரிகிற விளக்கின் மேலேயே இரட்டைக் கோணியை மாட்டி, மேலும் கீழும் முடிச்சுப் போட்டார்.

விடுதியில் சமைக்கிற வெள்ளச்சி தினமும் ராத்திரி வீடு திரும்புவது அந்த வழியாகத்தான். சில நாள் தடவித் தடவி நடந்துவிட்டுத் தலைவரிடம் போனாள்.

"தலைவரே, கோணிய அவுங்க. தடம் தெரியல."

"விருந்தாளிங்க வந்திருக்காங்க. சீசன் முடியட்டும், பொறுத்துக்க."

"நான் பொறுப்பேன். கட்டுவிரியன் பொறுக்குமா?"

அவர் காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

அன்று ராத்திரியே கட்டுவிரியன் பாதை நடுவில் சுருண்டு கிடந்தது. வெள்ளச்சி வந்துகொண்டிருந்தாள். இருட்டு பதறியது. மனுஷர் காதுக்கு எட்டும் குரல் அதற்கு இல்லை. தொலைநோக்கியிடம் ஓடியது.

"கோடி மைல் பார்க்கிறவனே, அவ காலடியைப் பாரு!"

"அவ்வளவு கிட்டத்துல எனக்குத் தெரியாது."

விளக்கிடம் ஓடியது. "எரியேன்!"

"எரிஞ்சுகிட்டுத்தான் இருக்கேன். கோணியைக் கேளு."

கோணி சொன்னது: "நான் அவிழ்ந்தா நட்சத்திரம் மங்கும். உனக்கு வந்த பேரும் போயிடும். சம்மதமா?"

இருட்டு தயங்கியது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

"போய்த் தொலையட்டும். அவிழ்!"

"முழுக்க எதுக்கு?" என்ற கோணி, கீழ்முடிச்சை மட்டும் விட்டது.

பாதையில் மட்டும் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. வெள்ளச்சி தூக்கிய காலைப் பின்னால் வைத்தாள். பாம்பு புதருக்குள் போனது.

விடுதியிலிருந்து தலைவர் ஓடிவந்தார். "எவன்டா அவுத்தது? நட்சத்திரமெல்லாம் போச்சே!"

"அண்ணாந்து பாருங்க. ஒண்ணாவது குறைஞ்சிருக்கா?" என்றாள் வெள்ளச்சி.

அண்ணாந்தார். அத்தனையும் இருந்தது.

"அப்புறம் எதுக்குங்க இத்தனை நாளா என்னைத் தடவித் தடவி நடக்கவிட்டீங்க?"

அவிழ்ந்த முடிச்சை மறுபடி போடாமலே தலைவர் திரும்பி நடந்தார். இருட்டும் வெளிச்ச வட்டத்தை விட்டு ஓரடி தள்ளி நின்றது. கேள்வி தனக்கும் சேர்த்து என்று அதற்குத் தெரியும்.