பொடுதலை விட்ட வழி

“சாமி, நீங்க குடுத்த பொடுதலைக் கொடி ஒரு இடத்துல மட்டும் பிடிக்க மாட்டேங்குது.”

செடிச்சாமி தலை தூக்கவில்லை. முழங்கை வரை மண்.

மலையடிவாரத்தில், கூரை போன ஒரு பழைய மடத்தின் பின்னால் அவர் செடி வளர்த்தார். அந்த மண்ணிலேயே பிறந்த செடிகள் மட்டும். கேட்டவர்களுக்குக் கொடுப்பார். வயது நாற்பது இருக்கும்.

லோகாம்பாளுக்கு அறுபத்து மூன்று. முப்பத்தைந்து வருஷம் கணக்கு டீச்சர். கார்த்திகையிலிருந்து வாரம் ஒரு முறை வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

“தண்ணி?”

“விடறேன்.”

“மண்ணு இறுகியிருக்கும். கொத்தி விடுங்க.”

“மூணு தடவ கொத்திட்டேன். தொழு உரம் போட்டேன். மத்த இடமெல்லாம் பாய் விரிச்ச மாதிரி ஆயிடுச்சு. கணுவுக்குக் கணு வேர். பூகூட வந்தாச்சு. அந்த இடம் மட்டும் வகிடு எடுத்த மாதிரி கிடக்கு.”

சாமி இப்போதுதான் நிமிர்ந்தார்.

“எங்கேருந்து எங்க?”

“அடுப்படி வாசல்லேருந்து கொல்லைக் கோடியில இருக்கற பின்னறை வரைக்கும். ஒரு முழ அகலம். பதினாலு எட்டு நீளம் இருக்கும்.”

“யாரு நடக்கறாங்க அங்க?”

“யாரும் இல்ல. வீட்ல நான் ஒருத்திதான். கொத்தறதோட சரி, பின்னறைக்கு நான் போறதில்ல.”

“நடந்தாலும் ஒண்ணும் ஆகாது. மிதிக்க மிதிக்க இன்னும் கெட்டியாப் பிடிக்கிற செடி அது.”

“அப்போ ஏன் சாகுது?”

“செத்த கொடி பாத்தீங்களா அங்க?”

லோகாம்பாள் யோசித்தாள். ஒரு காய்ந்த தண்டுகூட அவள் பார்த்ததில்லை. கொடிகள் ஓரம் வரை வந்தன. பிறகு வந்த பக்கமே திரும்பிக்கொண்டன. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

அதை அவள் சொன்னபோது சாமி கையிலிருந்த மண்ணை உதிர்த்தார்.

“கொடிய இழுத்து, குறுக்கப் போட்டு, மேல கல்லு வையுங்க. மண்ணத் தொட்டாப் பிடிச்சுக்கும்.”



மறுநாளே வந்துவிட்டாள்.

“வெச்சேன் சாமி. ஒன்பது கல்லு. சாயங்காலம் வெச்சது. காலையில பாத்தா ஒண்ணும் அங்க இல்ல.”

“நாய் ஏதாவது தள்ளியிருக்கும்.”

“சுவரோரமா அடுக்கியிருந்தது.”

“எப்படி?”

“பெருசுலேருந்து சிறுசு வரைக்கும். வரிசையா.”

சாமி ஒரு நாற்றை எடுத்துப் பையில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

“அப்படி அடுக்குற பழக்கம் யாருக்கு?”

மடத்துச் சுவரின் மேல் ஒரு ஓணான் ஏறி இறங்கியது.

“என் தங்கச்சிக்கு” என்றாள் கடைசியில். “வேதவல்லி. பின்னறைதான் அவ அறை. ஐப்பசியில போயிட்டா.”

“எப்படி இருந்தீங்க ரெண்டு பேரும்?”

“பதினோரு வருஷமாப் பேச்சு இல்ல.”

சாமி நாற்றுப் பையைக் கீழே வைத்தார்.

“நாப்பது வயசு நெருங்கும்போது அவளுக்கு ஒரு வரன் வந்தது. பொண்டாட்டி தவறினவர். நல்ல மனுஷன். எல்லாம் பேசி முடிச்சாச்சு. அவளுக்குச் சின்ன வயசுலேருந்து வலிப்பு உண்டு. அத நான் போய் அவர்கிட்ட சொன்னேன்.”

“ம்.”

“உண்மையத்தானே சொன்னேன்?”

“அவங்களக் கேட்டுட்டுச் சொன்னீங்களா?”

“இல்ல.”

“அவங்களே சொல்றதா இருந்தாங்களா?”

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள்.

“ஆமா. வெள்ளிக்கிழமை சொல்லப் போறேன்னா. நான் புதன்கிழமையே போயிட்டேன்.” மண்ணைப் பார்த்துச் சொன்னாள்: “அவ சொல்லியிருந்தா அந்த மனுஷன் ஒத்துக்கிட்டிருப்பார் சாமி. நான் சொன்ன விதம் அப்படி இல்ல. அவ கல்யாணமாகிப் போயிட்டா அந்த வீட்ல நான் மட்டும்…”



சாமி எழுந்து கையைக் கழுவினார். மடத்தை விட்டு அவர் வெளியே போய் யாரும் பார்த்ததில்லை. அன்று அவளுக்கு முன்னால் நடந்தார்.



உச்சி வெயில். கொல்லை முழுவதும் பொடுதலை பச்சையாகப் படர்ந்திருந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். நடுவில் அந்த வகிடு. ஒரு புல்கூட இல்லை. பெருக்கி விட்டது போல இருந்தது.

சாமி செருப்பைக் கழற்றினார். செடியின் மேலேயே நடந்து சுற்றி வந்தார். வெறுமையான மண்ணில் கால் வைக்கவில்லை.

“நல்லாத்தான் வளந்திருக்கு.”

“அங்க மட்டும்தான் சாமி…”

“அங்கயும் நல்லாத்தான் இருக்கு. வழி விட்டிருக்கு.”

அவள் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். படியை விட்டு இறங்கவில்லை.

“தங்கச்சி இதுல எந்தப் பக்கமா நடப்பாங்க?”

“அங்கேருந்து இங்க. தினம் காலையில கிணத்துல தண்ணி எறச்சு ரெண்டு குடம் இந்தப் படியில வெச்சுட்டுப் போவா.”

“பேச்சு இல்லாமலேயா?”

“பதினோரு வருஷமும். ஒரு நாள் தவறாம.”

“நீங்க?”

“அவ திரும்பிப் போனப்புறம் எடுத்துக்குவேன்.”

“இங்கேருந்து அங்க நீங்க எப்பப் போனீங்க?”

வெயிலில் கிணற்றுக் கயிறு அசையாமல் தொங்கியது.

“போனதில்ல.”

“அவங்க தவறினப்போ?”

“பால்காரம்மாதான் பாத்துச் சொன்னாங்க. பக்கத்துச் சந்து வழியா எடுத்துட்டுப் போனாங்க. நான் வாசல் பக்கம் உக்காந்திருந்தேன்.”

சாமி செடியின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

லோகாம்பாள் உள்ளே போனாள். வரும்போது கையில் பின்னறைச் சாவி இருந்தது.

படி இறங்கினாள். முதல் எட்டு வைத்ததும் நின்றாள்.

“மண்ணு ஈரமா இருக்கு சாமி.”

அவர் கண் திறக்கவில்லை.

“நேத்துலேருந்து நான் தண்ணி விடல. இந்த வெயில்ல… குடம் தளும்பின மாதிரி ஈரமா இருக்கு.”

“நடங்க டீச்சர்.”

நடந்தாள். மண் சில்லென்று இருந்தது. ஐந்தாவது எட்டில் முன்னால் யாரோ போகிற வாசனை வந்தது. நசுங்கிய பொடுதலையும் ஈரப் புடவையும் கலந்த வாசனை. அவள் பின்வாங்கவில்லை. எண்ணுவது அவளுக்குப் பழக்கம். ஒன்பது. பத்து. பதினொன்றில் கொஞ்சம் தடுமாறினாள். பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் விழவில்லை.

பதினாலு.

கதவில் பூட்டு தொங்கியது. ஐப்பசியில் பால்காரம்மா பூட்டிய பூட்டு. அதன் மேல் சிலந்தி வலை.

“சாமி, உள்ள யாரு இருக்கா?”

“நீங்க யாரத் தேடி வந்தீங்க?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையால் கதவைத் தட்டினாள். மெதுவாக இரண்டு முறை.

“வேதா” என்றாள். “அக்கா வந்திருக்கேன்.”

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

லோகாம்பாள் பூட்டில் சாவியை நுழைத்தாள்.