ஒரு பெயருக்கு ஒரு விரற்கடை

முன்னொரு காலத்தில், புது ஏரிக்குக் கரை கட்டும்போது வெள்ளம் வந்து முப்பத்திரண்டு பேர் செத்துப்போன மறுவருடம், ஒரு ராஜாவுக்கு நினைவுக்கல் நடும் ஆசை வந்தது.

செத்தவர்களில் முப்பத்தொரு பேர் வேற்று மொழி பேசும் மண்வேலைக்காரர்கள். ஒருவன் மட்டும் அரண்மனை மொழிக்காரன், மந்திரி விசயாலரின் மருமகன். கல்லில் அவன் பெயர் மட்டுமே இருந்தது.

"வாயில் நுழையாத பெயர்களை வெட்டினால் கல்லின் அழகு கெடும், பிரபு" என்றார் மந்திரி.

விகடகவி கெம்பன் அந்த மண்வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் அண்ணன் தொட்டையனும் கரையோடு போனவன். அன்று சபையில் கெம்பன் அந்தக் கல்லையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். மந்திரி அதைக் கவனித்தார்.

"நாளை மதகு திறக்கும் சடங்கைக் கெம்பனே செய்யட்டும், பிரபு. கல்லில் உள்ள பெயரை மட்டும் சொல்லட்டும். ஒரு பெயர் கூடினாலும் நாக்கை அறுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"மற்றதெல்லாம் ஏரி கட்டியவர்கள் முறைப்படிதானே, மகாராஜா?" என்றான் கெம்பன்.

"இம்மியும் மாறக்கூடாது. மாறினால் கரை நிற்காது என்கிறார்கள்."

மறுநாள் வாடிய நாற்றங்கால்களைப் பார்த்தபடி குடியானவர்கள் வாய்க்கால் ஓரம் காத்திருந்தார்கள். கெம்பன் மருமகனின் பெயரை உரக்கச் சொன்னான். மதகுப் பலகையை ஒரு விரற்கடை தூக்கினான். பிறகு கைகட்டி நின்றான். தண்ணீர் நூலாக வழிந்தது.

"என்னடா நிற்கிறாய்? தூக்கு!" என்று கத்தினார் மந்திரி.

"எங்கள் முறை இதுதான், ஐயா. கரைக்கு உயிர் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். பெயருக்கு ஒரு விரற்கடை. உங்கள் மருமகன் பங்குத் தண்ணீர் வந்துவிட்டது."

"முழுக்கத் திறக்க இன்னும் எத்தனை பெயர் வேண்டும்?" என்று கேட்டார் ராஜா.

"முப்பத்தொன்று, மகாராஜா. எனக்கு இருப்பது ஒரே நாக்கு."

ராஜா சிரித்தார். பிறகு கல்லைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

"சிற்பியை வரச் சொல்லுங்கள். மந்திரியாரே, மீதிப் பெயர்களை நீரே சொல்லும்."

கெம்பன் எடுத்துக் கொடுக்க, மந்திரி வியர்க்க வியர்க்க ஒவ்வொன்றாகச் சொன்னார். பலகை ஏறியது. கடைசிப் பெயர் தொட்டையன். மந்திரிக்கு அது சரியாக வரவில்லை.

"இன்னொரு தரம், ஐயா. என் அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கெம்பன் கழுத்தில் போட்டார்.

கெம்பன் சிரிக்கவில்லை. மந்திரி சரியாகச் சொல்லும்வரை பலகையைப் பிடித்தபடி நின்றான்.