முப்புடாதியின் பதில்

நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் இங்கே வாருங்கள். தீராத வழக்கு ஒன்று என்னிடம் கிடக்கிறது.

திருநெல்வேலியில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கும் முப்புடாதிக்கு ஆட்டிசம் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் தரும் பயிற்சிகளை ஆராய வந்த பேராசிரியர் பொற்கொடி, அவளையும், அவளைப் போலவே ஆட்டிசம் உள்ள கோமதிநாயகத்தையும் ஆய்வுப் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார். பங்காளி என்றாலே நம் பக்கம் வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும். பொற்கொடி என்னவோ நல்ல மனதோடுதான் கூப்பிட்டார்.

முப்புடாதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "கேட்ட உடனே எனக்குப் பதில் வராது மேடம். ரெண்டு நாள் கழிச்சு எழுதித் தருவேன். அதுவரைக்கும் எதையும் முடிவு பண்ணக்கூடாது." பொற்கொடி அதை எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஒன்றரை வருஷம் அந்தச் சொல் தவறவில்லை.

முப்புடாதிக்கு ஒரு ரகசியம் உண்டு. சின்ன வயதில் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைப் பார்த்துப் பேச அவளைப் பழக்கினார்கள். பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் பார்க்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது ஒன்றும் காதில் ஏறாது. இதைக் கோமதிநாயகத்திடம் மட்டும் எழுதிக் காட்டி, வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

கடைசிக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து துறை அதிகாரி வந்தார். அறிக்கையைப் புரட்டிவிட்டு, "கண்ணைப் பாத்துப் பேசப் பழக்கணும்னு ஒரு வரி சேத்துடுங்க. இப்பவே குடுத்தா ஜூன்லயே எல்லாச் சிறப்புப் பள்ளிக்கும் உத்தரவு போட்டுடலாம். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்றார்.

முப்புடாதி வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே கதறுகிறாள், உதடு பிரியவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

துணைக்கு வந்திருந்த அக்கா இசக்கியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்குச் சம்மதந்தான் சார். விடுங்க, பிள்ளையப் போட்டுப் படுத்தாதிய" என்றாள். தோசையா இட்லியா என்று கேட்டால்கூட மறுநாள் சொல்லும் தங்கையை முப்பது வருஷமாகப் பார்க்கிறவள் அவள். கோமதிநாயகம் முகம் சிவக்க எழுந்தான். சத்தியம் நினைவுக்கு வந்தது. அப்படியே வெளியே போய்விட்டான். இன்று விட்டால் அறிக்கை அலமாரியிலேயே தூங்கிவிடும் என்று பயந்த பொற்கொடி, 'அனைவரும் ஒப்புக்கொண்டனர்' என்று எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் முப்புடாதி அந்த வரி ஏன் கூடாது என்று நான்கு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனாள். படித்துவிட்டுப் பொற்கொடி, "அடுத்த ஆய்வுல கண்டிப்பா சேத்துக்கலாம்மா" என்றார். ஜூனில் பயிற்சி தொடங்கிவிட்டது.

தங்கையின் தவிப்பைத் தீர்க்க நினைத்தாள் அக்கா. கொடுத்த சத்தியத்தைக் காத்தான் கோமதிநாயகம். ஒன்றரை வருஷ உழைப்பைக் காப்பாற்றினார் பொற்கொடி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஒருவரும் இல்லை. பலர் கோமதிநாயகத்தின் பக்கம் பேசுவார்கள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் முப்புடாதியின் மனதில் இருப்பது அன்று யாருக்கும் தெரிய வேண்டியதே இல்லை. 'அவள் பதில் இன்னும் வரவில்லை, பொறுங்கள்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். எந்தச் சத்தியமும் உடைந்திருக்காது. அவள் பதில் ரெண்டு நாள் கழித்துத்தான் வரும் என்று மூவருக்கும் தெரியும். அறிக்கையின் முதல் பக்கத்தில் அவள் பெயர் பங்காளி என்று இருக்கிறது. எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். அச்சாகிவிட்டது என்றார்கள்.